ஏழாவது கியூப்

பலம் பார்ப்பதற்காக எந்திரத்தில் வைத்து அழுத்தும் கான்கிரீட் கியூப் உடையும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வராது. முதலில் ஓரங்களில் பொருக்குத் தட்டும், பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி கொஞ்சம் உதிரும், எந்திரத்தின் முள் ஓர் இடத்தில் நின்று யோசிக்கும், அப்புறம் இறங்கிவிடும். அவ்வளவுதான். தட்டுகளுக்கு நடுவிலிருந்து எடுத்துப் பார்த்தால் நான்கு பக்கமும் சிதறி, இடுப்பு சிறுத்து, உடுக்கை மாதிரி நிற்கும். உடுக்கையாக உடைந்தால் சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். "சிவன் கைல இருக்குதே, அந்த ஷேப்பு வரணும்" என்றுதான் எங்கள் கல்லூரி லேப் அண்ணா சொல்லிக் கொடுத்தார்.

ஒரு கியூப் 15 சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம். எடை 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எம்25 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் ரகம். 28ஆம் நாள் இந்தக் கியூப் 562.5 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். ஏறத்தாழ 57 டன். மணல் ஏற்றிய இரண்டு டிப்பர் லாரிகளை அந்தச் சின்னக் கட்டியின் தலையில் நிறுத்துவது போல.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் சித்தி பெண். இந்த வருடம் சிவில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, எதிக்ஸ்னு ஒரு பேப்பர் இருக்காமே, ஈஸியா?" என்று கேட்டாள். ஈஸிதான் என்றேன். பொய்யில்லை. நான் 2011இல் சேர்ந்து 2015இல் முடித்தேன். செங்குன்றம் தாண்டி ஒரு கல்லூரி. கடைசி வருடம் எதிக்ஸ் பேப்பரை விருப்பப் பாடமாக எடுத்து எஸ் கிரேடு வாங்கினேன். கோல்பர்க் சொன்ன ஒழுக்க வளர்ச்சியின் படிநிலைகள், அதைக் கில்லிகன் மறுத்தது, 'பொறியியல் என்பது சமூகத்தின் மேல் நடத்தும் பரிசோதனை' என்ற தலைப்பு, சாலஞ்சர் விண்கலம், போபால். 2 மார்க், 16 மார்க். முந்தின நாள் இரவு படித்தாலே போதும்.

அவள் கேட்காமல் விட்டதற்குத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிப் பக்கம். அப்பா வெல்டர். யூனியன்காரர், பெரியார் படம் மாட்டியவர், கோயில் வாசலைத் தாண்டும்போது தலையைக்கூடத் திருப்ப மாட்டார். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மனைப் பார்க்காவிட்டால் அந்த வாரமே ஓடாது என்பவர். ஒரே ஹாலில் இந்தப் பக்கம் பெரியார் படம், அந்தப் பக்கம் அம்மன் படம். சண்டை வந்து நான் பார்த்ததில்லை. வடசென்னையில் இப்படி நிறைய வீடுகள் உண்டு.

மூன்றாம் வருடம் முடிந்த விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங் போக வேண்டும். பெரம்பூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வேலை, தரைக்கு மேல் மூன்று மாடி, தெரிந்தவர் சொல்லி எனக்கு இடம் கிடைத்தது. யார் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒரு சூப்பர்வைசர், ஒரு மேஸ்திரி, இருபது இருபத்தைந்து ஆட்கள். அந்தக் கூட்டத்தில் புது ஹெல்மெட்டும் நோட்டுமாக நான் ஒருத்தி.

மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். கான்கிரீட் போடுகிற அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மிக்ஸர் அருகே வருவார். மிக்ஸரின் வாய்க்குச் சந்தனம், குங்குமம். முதல் மூட்டையின் மேல் சூடம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போட்டுவிட்டு, அதை யாராவது மிதித்துவிடுவார்களோ என்று சுற்றிச் சுற்றி வருவார். சித்தாள் ஒருத்தி தாண்டிப் போனதற்கு, "ஏம்மா, கண்ணு தெரியல?" என்று அரை மணி நேரம் திட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது. வேலையை இவ்வளவு பயபக்தியோடு தொடுகிறவர் கை தப்பு செய்யாது என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

2014 ஜூன் 6, வெள்ளிக்கிழமை. முதல் மாடியில் மூன்று தூண்கள் போட்டார்கள். மிக்ஸரில் தண்ணீர் விட்டவன் கையில் வெறும் ரப்பர் ஹோஸ். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். ஹோஸுக்கு லிட்டர் தெரியுமா? தூணில் கம்பி நெருக்கமாக இருந்தால் கெட்டியான கலவை இறங்காது, குத்த வேண்டும், வைப்ரேட்டர் விட வேண்டும். தண்ணீரைக் கூட்டிவிட்டால் தானே வழிந்து இறங்கிவிடும். சிமெண்ட் இறுகத் தேவைப்படும் தண்ணீர் கொஞ்சம்தான். மிச்சம் பின்னால் ஆவியாகிப் போகும், போன இடமெல்லாம் ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. தூண் வெளியே பார்க்க வழவழவென்று இன்னும் அழகாகவே இருக்கும்.

அப்புறம் கியூப். இரும்பு மோல்டு ஆறு. 7ஆம் நாளுக்கு மூன்று, 28ஆம் நாளுக்கு மூன்று. மேஸ்திரி மிக்ஸரிலிருந்து வந்த கலவையை அதில் எடுக்கவில்லை. ஒரு தகரத்தட்டில் தனியாகக் கலந்தார். சிமெண்ட் தூக்கலாக, தண்ணீர் பார்த்துப் பார்த்துத் தெளித்து, வீட்டில் அம்மா பலகாரத்துக்கு மாவு பிசைவது போல. பிசைந்து முடித்து என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்களே குத்துங்க. படிச்ச கை."

குத்தினேன். ஒரு கியூபுக்கு மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து. ஒன்றுகூடக் குறைக்கவில்லை. மேலே கரணையால் வழித்து, ஆணியால் தேதி கீறினேன். 6.6.14, எம்25, தூண் எண்கள். கையெழுத்து அழகாக இருந்தது.

"ஏன் சார், இதுக்குத் தனிக் கலவை?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அது லேப்புக்கு, இது பில்டிங்குக்கு. எல்லா சைட்லயும் இதான். இத்தனை பில்டிங் நிக்கலையா? ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி எதுக்கு வச்சிருக்கான்?"

இந்த ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் விதிநூலான ஐஎஸ் 456இல் கான்கிரீட்டின் பலத்தை 1.5ஆல் வகுத்துவிட்டுத்தான் கணக்கே ஆரம்பிக்கும். கம்பிக்கு 1.15. கான்கிரீட்டுக்கு ஏன் அதிகம் என்றால், கம்பி ஆலையில் உருவாகிறது, கான்கிரீட் வெயிலிலும் மழையிலும் மனிதக் கையில் உருவாகிறது. நமக்குத் தெரியாமல் நடக்கும் பிசகுகளுக்காக ஒதுக்கி வைத்தது அது. ஆனால் சைட்டில் ஒவ்வொருவரும் அதைத் தனக்கென்று வைத்த பங்காக நினைத்துக்கொள்கிறார்கள். கலவை போடுகிறவர் தண்ணீரைக் கூட்டுகிறார், கம்பி கட்டுகிறவர் தூண் கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங்கை ஆறு அங்குலத்துக்குப் பதில் எட்டு அங்குலத்தில் வைக்கிறார், சொந்தக்காரர் பிளானில் இல்லாத மாடி ஒன்றை ஏற்றுகிறார். எல்லார் கையும் ஒரே உண்டியலில். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று எவருக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் இவ்வளவு யோசிக்கவில்லை. சரி சார் என்றுவிட்டேன்.

மூலையில் ஏழாவதாக ஒரு மோல்டு கிடந்தது. துருப்பிடித்து, ஒரு போல்ட் இல்லாமல். அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, கை பழகட்டும் என்று, தூணுக்குப் போன கலவையில் சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக் குத்தினேன். கிட்டத்தட்டக் கஞ்சி, குத்தவே தேவையில்லை. தேதியும் என் பெயரின் முதலெழுத்தும் மட்டும் கீறினேன். மறுநாள் மற்ற ஆறோடு சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அதற்குமேல் அதை நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் சாயங்காலம் அம்மாவோடு கோயில். காலெல்லாம் சிமெண்ட். பிராகாரத்தில் மகிழ மரத்தருகே உட்கார்ந்திருந்தோம். ஒற்றியூர்க்காரர்களுக்கு அந்த மரத்தின் கதை தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுந்தரர் ஏற்கெனவே திருவாரூரில் பரவையாரை மணந்தவர். இங்கே வந்து, சாமிக்குப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து மனம் போய்விடுகிறது. 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்தால் கல்யாணம் என்று பேச்சு. ஊர் ஊராகப் போய்ப் பாடுகிற ஆள், பிரியாமல் இருக்க முடியுமா? சாமியிடமே ஒரு வேண்டுகோள் வைக்கிறார்: நான் சன்னதியில் சத்தியம் செய்ய வரும்போது நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும். சாமியும் சரி என்கிறார். சரி என்றவர், அன்றிரவே சங்கிலியாரின் கனவில் போய், சன்னதியில் வேண்டாம், மகிழின் கீழே சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிடுகிறார். மறுநாள் சுந்தரர் ஆளில்லாத சன்னதியை நோக்கிப் போக, சங்கிலியாரின் தோழிகள், இதற்குப் போய் சாமி முன்னால் சத்தியமா, மகிழின் கீழே செய்தால் போதும் என்கிறார்கள். மாட்டிக்கொண்டார். பிற்பாடு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது இரண்டு கண்ணும் போனது.

சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட கதை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று வருடா வருடம் நடக்கும், கூட்டத்தில் அப்பளமாக நசுங்கி அதையும் பார்த்திருக்கிறேன். எப்போதும் சுந்தரர் கண் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரியும். அன்றைக்கு அம்மா சொல்லச் சொல்ல வேறொன்று உறைத்தது. சுந்தரர் பொய்ச் சத்தியம் செய்யப் போகவில்லை. முறைப்படி, சன்னதியில், சுத்தமான ஒரு சத்தியம்தான் செய்யப் போனார். சாட்சியை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார். என் ஆறு கியூபிலும் 35 குத்துக்கு ஒரு குத்து குறையவில்லையே.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கதையை விட்டுவிட்டுக் கலவையைப் பிடித்துக்கொண்டார். "வெல்டிங்ல மேல கசடு நிக்கும். அதைத் தட்டிப் பாத்தாதான் உள்ள ஓட்டை இருக்கா இல்லையானு தெரியும். தட்டாம மேல பெயிண்ட் அடிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. நான் தட்டுவேன்." ஏன் தட்டுவீர்கள், உங்களுக்குத்தான் சாமி இல்லையே என்று கேட்டேன். "கீழ நிக்கிறவன் இருக்கான்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. பின்னால் குடிநீர் வழங்கல் பாடத்துக்காக எங்களைப் பூண்டி ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். சென்னைக்குத் தண்ணீர் தர 1944இல் கட்டி முடித்தது. கண்ணில்லாமல் தடுமாறி வந்த சுந்தரருக்குச் சிவன் ஊன்றுகோல் கொடுத்த திருவெண்பாக்கம், அந்த ஏரியின் நீர்ப்பரப்புக்குள் போய்விட்டது. கோயிலைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். நண்பர்கள் மதகு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவுக்குப் போன் போட்டு, நாம குடிக்கிற தண்ணிக்கு அடியிலதாம்மா அந்த ஊர் என்றேன். "அப்படியா? கும்பிட்டுக்கோ" என்றார்.

சரி, சைட்டுக்கு வருகிறேன். 7ஆம் நாள் கியூப்கள் நன்றாகவே வந்தன. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஜூன் 28, சனிக்கிழமை, மழை. சாயங்காலம் டிவியில் மௌலிவாக்கம். போரூர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. நாட்கள் போகப் போக செத்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து 61இல் நின்றது. பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த ஆட்கள்தான். பக்கத்தில் அதேபோல நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்து இடித்தார்கள். அதை எல்லாரும் மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் இரண்டு நாள் நான் டிவி முன்னாலேயே இருந்தேன். இடிபாட்டில் தெரிந்த கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. சனிக்கிழமை கட்டட வேலைக்காரர்களுக்குக் கூலி நாள். எங்கள் சைட்டிலும் சனி சாயங்காலம் அந்த மூன்று தூண்களுக்குக் கீழேதான் வரிசையில் நிற்பார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக் காசு கொடுப்பார். எங்கள் கட்டடம் நான்கு தளம்தான், அதுவும் இதுவும் ஒன்றில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன? திங்கட்கிழமை போனதும் நேராகத் தொட்டிக்குள் கையை விட்டேன். பச்சைப்பாசி. ஏழாவது அடியில் கிடந்தது.

ஜூலை 4, 28ஆம் நாள். மற்ற மூன்றும் சோதனைக்கூடத்துக்கு ஆட்டோவில் போயின. ஏழாவதை ஈரத்துணியில் சுற்றி, ஜவுளிக்கடை மஞ்சள் பையில் போட்டு, பெரம்பூரிலிருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறினேன். எட்டுக் கிலோ சும்மா இல்லை, மூலக்கடை வருவதற்குள் பை காது அறுந்துவிட்டது. மடியில் வைத்துக்கொண்டேன். சுடிதாரெல்லாம் தண்ணீர். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னாமா இது, மீனா?" என்றார். கான்கிரீட்டுண்ணா என்றேன். மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

லேப் அண்ணா எந்திரத்தை ஓடவிட்டார். முள் ஏறியது. 300. 350. என் வாழ்க்கையில் ஒரு முள்ளை அப்படி வேண்டிக்கொண்டு பார்த்ததில்லை. 391இல் நின்று, யோசித்து, இறங்கியது. 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 17.4. வேண்டியது 25.

அழகான உடுக்கை.

எங்கள் சார் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "மத்த ரெண்டு எங்கே?" ஒரு சாம்பிள் என்றால் மூன்று கியூப், மூன்றின் சராசரி. ஒரே ஒரு கியூப், அதுவும் போல்ட் இல்லாத மோல்டில், ஒரு மாணவி விளையாட்டுக்குப் போட்டது. விதிப்படி அது சாட்சியே இல்லை. தனிக் கலவையில் பிசைந்த மூன்றும் அந்நேரம் கூடத்தில் உடைந்து, முத்திரை குத்திய தாளில் 'தேறியது' என்று வந்திருக்கும். விதிப்படி அது சாட்சி. இதைச் சொல்லிவிட்டு சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டிராயிங்ல கன்சல்டன்ட் பேரு இருக்குமே, போய்ப் பாரேன்" என்றார்.

பார்க்க எனக்கு நான்கு நாள் ஆனது. ஒரே மூச்சில் போய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். சர்டிபிகேட் போய்விடும், வேலைக்குச் சொல்லிவிட்டவர் முகத்தில் எப்படி விழிப்பது, இதே வாயால் 'சரி சார்' என்று சொன்னவள்தானே என்றெல்லாம் நான்கு நாள். கடைசியில் போனபோதும் அப்பா வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

கன்சல்டன்ட், அதாவது கட்டடத்தின் பலக் கணக்கைப் போட்டவர், வயதானவர். ஒரு கியூபை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதும்மா என்றுதான் அவரும் ஆரம்பித்தார். பிறகு தூண் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, எவ்வளவு எகிறுகிறது என்பதை வைத்துக் கான்கிரீட்டின் பலத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியலோடு சைட்டுக்கு வந்து, சாக்பீஸால் கட்டம் போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தார். மூன்று தூண்களையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் கூட்டி, ஜாக்கெட்டிங் செய்யச் சொன்னார். செய்தார்கள். என் பெயரை அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் சைட்டில் நோட்டு வைத்திருந்தது நான் ஒருத்திதானே.

மேஸ்திரியை நிறுத்திவிட்டார்கள். தனிக் கலவை போடச் சொன்ன சூப்பர்வைசர் அப்படியே இருந்தார். மேஸ்திரியைக் கடைசியாகப் பார்த்தது கேட்டருகே, சாமான் பை தோளில். திட்டுவார் என்று நின்றேன். "மேடம், தனியா போடச் சொன்னது நானா?" என்று மட்டும் கேட்டார். எலுமிச்சம்பழத்துக்கு அரை மணி நேரம் திட்டிய மனுஷன். அவருடைய சாமி பயம் பொய் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. சூடம் ஏற்றியபோது அவர் கண் மூடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் விபத்து இருந்தது, திருஷ்டி இருந்தது, ராகுகாலம் இருந்தது. ஹோஸ் மட்டும் ஏனோ அதில் வரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டியது யார் வேலை? படித்த கை என்று அவர் சொன்ன கையின் வேலையாகவும் இருக்கலாம்.

எனக்கு டிரெயினிங் சர்டிபிகேட் வரவில்லை. நான்காம் வருட ஆரம்பத்தில் கொடுத்தாக வேண்டும். ராயபுரத்தில் என் தோழி வீடு. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காற்று வந்தால் ஊர் முழுக்கக் கருவாடு மணக்கும் இடம். அவள் மாமா சின்னதாக காண்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர், கேட்டுப் பார்க்கலாம் என்றாள். அவர்கள் வீட்டு நிலைவாசலின் மேல் கிரானைட்டில் வெட்டியிருக்கும்: 'கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா.' முதல் வருடத்திலிருந்தே அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. "அப்போ நம்ம டிகிரி விருதாவாடி?" என்பேன். "உனக்கு அரியர் இருக்கே, அதுதான் விருதா" என்பாள்.

அதே வசனத்தை ஒரு சிவில் இன்ஜினியர் தன் கட்டடத்தில் வெட்டி வைத்திருக்கிறார். ஜான் ஸ்மீட்டன், தன்னைச் சிவில் இன்ஜினியர் என்று முதலில் அழைத்துக்கொண்டவர். இங்கிலாந்தின் தென்மேற்கே, நடுக்கடல் பாறையில் அவர் கட்டி 1759இல் விளக்கேற்றிய எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் உள்ளே, மேல்தளச் சுவரில். எழுதி வைத்துவிட்டுச் சும்மா இருந்தவர் இல்லை. தண்ணீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பு எது என்று ஊர் ஊராகக் கல்லை வரவழைத்துச் சோதித்தார். ஒவ்வொரு கல்லையும் பக்கத்துக் கல்லோடு கோத்துக்கொள்ளும்படி செதுக்கினார். கோபுரம் 120 வருடத்துக்கு மேல் நின்றது. கடைசியில் மாற்ற வேண்டி வந்ததற்குக் காரணம் கட்டடம் இல்லை. அடியிலிருந்த பாறையைக் கடல் அரித்துவிட்டது. கன்மலையின்மேல் கட்டிய வீடு நிலைக்கும் என்று சர்ச்சில் கேட்டு வளர்ந்த என் தோழிக்கு இதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் கரையில் பாறையும் கிடையாது, மணல்தான். மணல் மோசமான அடித்தளம் இல்லை என்று எந்த மண் இயந்திரவியல் வாத்தியாரும் சொல்வார், அது ஓடாமல் இருக்கும்வரை. ஓடியது. 1870களில் தொடங்கிய துறைமுகத்தின் சுவர்கள், வருடத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் தின்றுகொண்டே வந்தது. தோழியின் ஆயா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அலைதான். பிறகு பாறாங்கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு போட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் ஏமாற்று எதுவும் தேவைப்படவில்லை. நேர்மையான சுவரே இதைச் செய்யப் போதும். மெரினாவில் சுண்டல் தின்கிறவருக்கு அது எங்கள் ஆயா வீட்டு மணல் என்று தெரியாது. எதிக்ஸ் பேப்பரில் சாலஞ்சருக்கு 16 மார்க் கேட்டார்கள். இதற்கு 2 மார்க்கூடக் கேட்டதில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டார். "நல்ல காரியம் பண்ணியிருக்கம்மா, கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்று தலையில் கை வைத்தார். பிறகு லெட்டர் பேடை எடுத்து, 2.6.2014 முதல் 11.7.2014 வரை தன் நிறுவனத்தில் நான் பயிற்சி பெற்றதாக எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நிறுவனத்தின் சைட் எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அந்த வசனத்துக்குக் கீழே நின்று செருப்பு மாட்டினேன்.

அந்த வருடம்தான் எதிக்ஸ் வகுப்பு. சிட்டிகார்ப் கட்டடத்தின் கதையை சார் நன்றாகச் சொன்னார். நியூயார்க்கில் 59 மாடி, 1977இல் முடிந்தது. மனையின் ஒரு மூலையில் புனித பேதுருவின் பெயரில் ஒரு தேவாலயம். அதற்கு இடம்விட வேண்டியிருந்ததால் தூண்களை மூலைகளில் வைக்காமல், ஒன்பது மாடி உயரத்துக்கு, பக்கங்களின் நடுவில் வைத்தார்கள். கட்டமைப்பை வடிவமைத்த இன்ஜினியர் வில்லியம் லெமெஷூரியர். கட்டி முடித்த மறுவருடம், மூலைவாட்டில் அடிக்கும் காற்றையும், வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோதுதான், பெரும்புயல் வந்தால் தாங்காது என்று அவருக்குத் தெரிந்தது. தானே போய்ச் சொன்னார். இரவு இரவாக இணைப்புகளின் மேல் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து சரிசெய்தார்கள். ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ, சுற்றி இருந்தவர்களுக்கோ சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தது 1995இல்.

வகுப்பே அவரை மெச்சியது. என்னால் முழுசாக முடியவில்லை. கீழே நிற்கிறவனுக்குத்தானே முதலில் தெரிய வேண்டும் என்று அப்பா குரலில் ஏதோ ஓடியது. தோழி என் காதில், "பேதுரு, சேவல் கூவுறதுக்குள்ள மூணு தடவை இயேசுவைத் தெரியாதுன்னாரு, அப்புறம் அழுதாரு. அவர் பேருலதான்டி எங்க ஊரே" என்றாள். ராயபுரத்தின் ராயப்பர் பேதுருதான். எனக்கு அவளுடைய வேதம் தெரியாது. ஆனால் கோல்பர்க்கை விட அந்தச் சேவல் கூவுகிற கதை எனக்குச் சட்டென்று புரிந்தது.

கடைசி செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் ஃபைலைப் புரட்டி, டிரெயினிங் சர்டிபிகேட்டில் நிறுத்தினார்.

"ஆறு வாரம் போயிருக்கீங்க. நல்லது. அங்கே என்ன கத்துக்கிட்டீங்க?"

"கியூப் டெஸ்ட், சார்" என்றேன்.